நீதியுணர்வு எங்கே பிறக்கிறது?

பள்ளிக்கூட வாசலை இன்னும் மிதித்திராத ஒரு குழந்தையிடம், அதன் அண்ணனுக்கு இரண்டு தின்பண்டங்களும் அதற்கு ஒன்றும் கொடுத்துப் பாருங்கள். நியாயம் என்ற சொல் அதன் நாவுக்கு வந்திருக்காது. ஆனால், அதன் முகம் அதைச் சொல்லிவிடும். சட்டம், நீதிமன்றம், அரசமைப்பு எதையும் அறியாத அக்குழந்தைக்கு இந்த உணர்வு எங்கிருந்து வந்தது? வளர்ந்த பிறகு அதே மனிதர், தமக்கு லாபமோ நட்டமோ இல்லாத ஒரு செய்தியில், எங்கோ ஓர் ஏழை ஏமாற்றப்பட்டதைப் படித்துக் கொதிக்கிறாரே, அது ஏன்?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவரை உலகம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. அவர் பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித். கல்லூரியில் பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், நம் பாடத்திட்டத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை நான் நன்கறிவேன். குண்டூசித் தொழிற்சாலை, வேலைப் பகுப்பு, கண்ணுக்குப் புலப்படாத கை என்ற மூன்றோடு அவர் முடிந்துவிடுகிறார். அவரவர் தன்னலத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், மற்றவற்றைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவராக அவரை எண்ணிக்கொண்டே மாணவர்கள் பட்டம் பெற்றுச் செல்கின்றனர். அவர் எழுதிய முதல் நூல் தன்னலத்தைப் பற்றியதல்ல என்பதும், மனிதருக்குள் அறவுணர்வும் நீதியுணர்வும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதே அதன் பொருள் என்பதும் பெரும்பாலோர் அறியாதவை.

ஸ்மித் 1723-இல் ஸ்காட்லாந்தின் கிர்கால்டி என்னும் சிறு துறைமுக ஊரில் பிறந்தார். சுங்க அதிகாரியாக இருந்த தந்தை, மகன் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். தாய் மார்கரெட் டக்ளஸ் தனியாக நின்று பிள்ளையை வளர்த்தார். ஸ்மித் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அறுபத்தோராம் வயதில் தாய் மறையும் வரை அந்த உறவே அவர் வாழ்வின் நடுத்தூணாக இருந்தது.

பதினான்காம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பிரான்சிஸ் ஹட்சிசன் என்ற ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். இலத்தீனில் பாடம் நடத்தும் மரபைக் கைவிட்டு ஆங்கிலத்தில் கற்பித்த ஹட்சிசன், கண்ணுக்குப் பார்வையும் செவிக்குக் கேள்வியும் இருப்பதைப் போல, நல்லதையும் தீயதையும் பகுத்தறியும் ஒரு புலன் மனிதருக்கு இயல்பிலேயே இருக்கிறது என்றார். அரசனுக்கு அஞ்சியே மக்கள் ஒழுங்காக நடக்கின்றனர் என்ற தாமஸ் ஹாப்ஸின் கருத்து அழுத்தமாக நிலவிய காலத்தில் இது துணிச்சலான பதில். ஸ்மித் இந்த ஆசிரியரை இறுதிவரை மதித்தார். ஆனால், அவருடைய பதிலோடு நின்றுவிடவில்லை.

1740-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்று ஆறாண்டுகள் இருந்தார். அங்கிருந்த பேராசிரியர்கள் கற்பிப்பதாகப் பாவனை செய்வதைக்கூட விட்டுவிட்டனர் என்று பிற்காலத்தில் கடுமையாக எழுதினார். ஊதியம் எப்படியும் வந்துவிடும் என்றால் உழைப்பு தளர்ந்துவிடும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கண்கூடாகக் கற்றார். ஊர் திரும்பி, எடின்பரோவில் பொதுச் சொற்பொழிவுகள் ஆற்றி, 1751-இல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே ஹட்சிசன் அமர்ந்திருந்த அறவியல் பேராசிரியர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. அந்த வகுப்பறையில் உருவானதே 1759-இல் வெளிவந்த 'அறவுணர்வுகளின் கோட்பாடு'.

அந்நூலின் அடிப்படை எளிமையானது. மனிதன் எவ்வளவு தன்னலம் மிக்கவனானாலும், பிறரின் இன்ப துன்பங்கள் அவனைத் தொடாமல் போவதில்லை. ஒருவர் கால்மீது அடி விழப்போவதைக் கண்டால் நாம் நம் காலை இழுத்துக்கொள்கிறோம். கற்பனையால் அடுத்தவர் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்க்கும் இந்த ஆற்றலே அறவுணர்வின் விதை என்றார் ஸ்மித். இதை ஒத்துணர்வு என்று சொல்லலாம்.

நீதியைப் பொறுத்தவரை அவர் இன்னும் ஒரு படி சென்றார். ஒருவன் மற்றொருவனைத் தாக்குகிறான்; பறிக்கிறான். பாதிக்கப்பட்டவனின் நெஞ்சில் சினம் எழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அவன் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். அவன் சினம் நம் சினமாகிறது. தொடர்பற்ற ஒருவரும் பங்கேற்கக்கூடிய அந்தச் சினமே நீதியுணர்வின் ஊற்றுக்கண் என்பது ஸ்மித்தின் முடிவு. பாதிக்கப்பட்டவனின் கோபம் அளவு கடந்தால் பார்வையாளர் பின்வாங்கிவிடுவார். ஆகவே, பழிவாங்கலிலிருந்து நீதியைப் பிரிக்கும் எல்லைக்கோட்டையும் அந்தப் பார்வையாளரே வரைகிறார்.

அவருடைய உயிர் நண்பரான டேவிட் ஹியூம் இதற்கு வேறு விளக்கம் தந்திருந்தார். சமுதாயத்துக்குப் பயன்படுவதால்தான் நாம் நீதியைப் போற்றுகிறோம் என்றார் அவர். நண்பருக்கு ஸ்மித் அளித்த மறுப்பு, பொருளியல் படிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. காவல் பணியில் உறங்கிவிட்ட ஒரு படைவீரனுக்குப் போர்ச் சட்டப்படி மரண தண்டனை விதிக்கப்படுகிறது. படையின் பாதுகாப்புக்கு அது தேவை என்று அறிவு ஒப்புக்கொள்கிறது, நெஞ்சமோ கனத்துப்போகிறது. ஆனால், நன்றி கெட்ட ஒரு கொலைகாரன் தண்டிக்கப்படும்போது நெஞ்சம் தயங்குவதில்லை. அவன் தப்பினால்தான் குமுறுகிறது. இரண்டுமே சமுதாயத்துக்குப் பயன்தரும் தண்டனைகள். அப்படியானால், அவ்விரண்டையும் நாம் வேறு வேறாக உணர்வது எதனால்? பயனைக் கணக்கிடுவதற்கு முன்பே நீதியுணர்வு நம்முள் விழித்துக்கொள்கிறது என்பதாலேயே என்றார் ஸ்மித்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த சோதனைகள் அவர் பக்கமே சாய்கின்றன. ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடன் பணியாற்றியோரும் 1982-இல் ஒரு சோதனை விளையாட்டை வெளியிட்டனர். ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அதில் ஒரு பங்கை அவர் மற்றவருக்கு அளிக்க முன்வர வேண்டும். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம். மறுத்தால் ஒருவருக்கும் இல்லை. தன்னலம் மட்டுமே மனிதனை இயக்குமானால் ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால், மிகச் சிறிய பங்கு நீட்டப்பட்டால் பலர் அதை உதறிவிடுகின்றனர். தமக்கு நட்டம் என்று தெரிந்தே அநியாயத்தைத் தண்டிக்கின்றனர். உலகின் பல நாடுகளில் இச்சோதனை திரும்பத் திரும்ப நடத்தப்பட்டிருக்கிறது. எது நியாயமான பங்கு என்பதில் சமுதாயத்துக்குச் சமுதாயம் வேறுபாடு உண்டு. பங்கில் நியாயம் பார்க்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

அந்த வேறுபாட்டில்தான் ஸ்மித்தின் கோட்பாட்டுக்கான சோதனை காத்திருந்தது. தனித் தீவில் வளர்ந்த மனிதனுக்குத் தன் முகம் அழகா இல்லையா என்று தெரியாததைப் போலவே, தன் நடத்தை சரியா தவறா என்பதும் தெரியாது. சமுதாயமே அவனுக்குக் கண்ணாடி என்று அவர் எழுதியிருந்தார். பிறர் கண்களால் நம்மைப் பார்க்கப் பழகிப் பழகி, நமக்குள் ஒரு நடுநிலைப் பார்வையாளர் உருவாகிறார், அவரே மனசாட்சி. நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி அமர்ந்திருப்பதை இங்கே கவனிக்கலாம்.

நூல் வெளிவந்த சில மாதங்களிலேயே கில்பர்ட் எலியட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஓர் ஐயத்தை எழுப்பினார். மனசாட்சி என்பது சமுதாயத்தின் கருத்தே நமக்குள் குடிபுகுந்ததுதான் என்றால், ஊரே தவறான பக்கம் நிற்கும்போது ஒரு தனிமனிதனின் மனசாட்சி அதை எதிர்த்து நிற்பது எப்படி?

இதைவிடக் கூர்மையான கேள்வி நீதியைப் பற்றிக் கேட்கப்பட முடியாது. ஸ்மித் அதை ஒதுக்கவில்லை. 1761-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே திருத்தங்கள் செய்தார். நாம் கண்ணாடியில் தொடங்குகிறோம். ஆனால், ஊரார் அரைகுறைச் செய்தியோடும் விருப்பு வெறுப்போடும் தீர்ப்புச் சொல்வதைப் பட்டறிந்த பிறகு, எல்லாம் அறிந்தும் எவர் பக்கமும் சாராத ஒருவர் என்ன சொல்வார் என்று கேட்கக் கற்கிறோம். ஊரின் தீர்ப்பு கீழமை நீதிமன்றம் போன்றது. மேல்முறையீடு நமக்குள் இருக்கும் நடுவரிடம். அவ்வாறு அவர் விளக்கினார்.

இந்தப் பதிலுக்கு இரத்தமும் சதையுமான ஒரு சாட்சியம் அவருக்குப் பின்னர் கிடைத்தது. 1764 தொடக்கத்தில், பக்ளூ இளம் பிரபுவுக்குப் பயண ஆசிரியராகப் பொறுப்பேற்று அவர் பிரான்ஸ் புறப்பட்டார். ஆண்டுக்கு 300 பவுண்டு. பணி முடிந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் அதே தொகை ஓய்வூதியம். கல்வியாண்டின் இடையில் கிளாஸ்கோவை விட்டுச் செல்ல நேர்ந்ததால், மாணவர்கள் தம்மிடம் நேரடியாகச் செலுத்தியிருந்த கட்டணத்தைத் திருப்பித் தர முனைந்தார். எஞ்சிய பாடங்களை நடத்த மாற்று ஏற்பாடு செய்திருந்தும் அவர் மனம் ஒப்பவில்லை. கற்றதே போதும், பணம் வேண்டாம் என்று மாணவர்கள் மறுத்தபோது, அருகிலிருந்த ஒருவரின் மேலங்கியைப் பற்றியிழுத்துப் பையில் பணத்தைத் திணித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் சொல்கின்றனர்.

பிரான்ஸில் துலூஸ் நகரில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். அந்நகரின் நெஞ்சில் அப்போது ஆறாத காயம் ஒன்றிருந்தது. ழான் கலாஸ் என்ற வணிகர் சிறுபான்மையினரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். 1761 அக்டோபரில் அவருடைய மூத்த மகன் வீட்டில் இறந்து கிடந்தான். மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்ததால் தந்தையே கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது, வதந்தி குற்றச்சாட்டாயிற்று, நகரின் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1762 மார்ச் 10-ஆம் நாள், அறுபது வயதைக் கடந்த அம்மனிதர் சக்கரத்தில் கட்டப்பட்டு எலும்புகள் முறிக்கப்பட்டு மாண்டார், உடல் எரிக்கப்பட்டது. இறுதிவரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வால்டேர் இவ்வழக்கைக் கையிலெடுத்து ஐரோப்பா முழுவதையும் கேட்க வைத்தார். 1765 மார்ச்சில், ஸ்மித் துலூஸில் இருந்த காலத்தில்தான், பாரிஸிலிருந்து வந்த தீர்ப்பு கலாஸ் குற்றமற்றவர் என்றது. அதே ஆண்டில் ஸ்மித் ஜெனிவா சென்று வால்டேரைச் சந்தித்தார்.

கால் நூற்றாண்டு கழித்து, தம் முதல் நூலின் கடைசிப் பதிப்பில் ஸ்மித் கலாஸின் கதையைச் சேர்த்தார். ஊர், நீதிமன்றம், திருச்சபை ஆகிய மூன்றும் ஒரே குரலில் குற்றவாளி என்று சொல்லும்போது, ஒருவனுக்கு எஞ்சியிருப்பது தன்னுள் இருக்கும் சாட்சி மட்டுமே. வேதனைக்கிடையிலும் கலாஸ், தம் அருகில் நின்ற துறவியிடம், நீங்களாவது என்னைக் குற்றவாளி என நம்பமுடிகிறதா என்று கேட்டதை ஸ்மித் பதிவுசெய்கிறார். புகழப்படுவது வேறு, புகழுக்குத் தகுதியாக இருப்பது வேறு. பழிக்கப்படுவது வேறு, பழிக்குரியதைச் செய்வது வேறு என்ற அவருடைய பாகுபாட்டுக்கு இதைவிட வலுவான சான்று கிடைத்திருக்காது.

நாடு திரும்பிய ஸ்மித், தாயுடன் கிர்கால்டியில் தங்கிப் பல்லாண்டு உழைத்து எழுதிய 'நாடுகளின் செல்வம்' 1776 மார்ச்சில் வெளிவந்தது. இந்நூலைத் தன்னலத்தின் மறைநூல் என்போர், முதல் நூலில் அவர் வரைந்த ஓட்டப்பந்தயத்தை மறந்துவிடுகின்றனர். செல்வத்துக்கான ஓட்டத்தில் ஒருவன் தன் நரம்பெல்லாம் முறுக்கேற ஓடலாம். ஆனால், பக்கத்தில் ஓடுபவனை இடித்துத் தள்ளினால் பார்வையாளரின் பொறுமை அந்த நொடியே தீர்ந்துவிடும் என்றார் அவர்.

அந்தப் பார்வையாளரின் கண் 'நாடுகளின் செல்வம்' நூலெங்கும் விழித்திருக்கிறது. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் கூடினால் சட்டம் தண்டிக்கிறது. கூலியைக் குறைக்க முதலாளிகள் ஓசையின்றிக் கூடினால் ஒருவரும் கேட்பதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். எல்லோருக்கும் உணவும் உடையும் உறைவிடமும் உண்டாக்கித் தருவோர், தம் உழைப்பின் பயனில் தாங்களும் ஓரளவு நன்றாக உண்டு உடுத்தி வாழும் அளவுக்குப் பங்கு பெறுவதே நியாயம் என்றார். கிழக்கிந்தியக் கம்பெனியை அவரைப் போல் கடிந்தோர் அக்காலத்தில் சிலரே. வங்கத்தில் மழை பொய்த்ததால் வந்த தட்டுப்பாட்டைப் பெரும் பஞ்சமாக மாற்றியதில் கம்பெனி ஊழியர்களின் அரிசி வணிகக் கட்டுப்பாடுகளுக்குப் பங்குண்டு என்று அவர் எழுதினார். ஆளும் மக்களின் நலிவில் ஆள்வோருக்கு நட்டமில்லை என்ற நிலை இருக்கும்வரை எந்த ஆட்சியும் நியாயமாக இருக்காது என்பது அவருடைய வாதம்.

1778-இல் அவர் ஸ்காட்லாந்தின் சுங்க ஆணையர்களில் ஒருவரானார். 600 பவுண்டு ஊதியம் கிடைத்ததால், பக்ளூ பிரபு அளித்துவந்த ஓய்வூதியம் இனி வேண்டாம் என்றார். பிரபு அதை ஏற்கவில்லை. பதவியேற்றதும் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. தம் கழுத்துப்பட்டைகளும் கைக்குட்டைகளும் ஏறத்தாழ எல்லாமே அதில் இருந்தன! தடைகளையே எதிர்த்து எழுதிய அவர், பிறரிடம் பறிமுதல் செய்யும் பதவியில் அமர்ந்துகொண்டு தம்மிடம் அவற்றை வைத்திருப்பது முறையன்று எனக் கருதி அவற்றைத் தீயிலிட்டார். நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். பிறருக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி என்பதை அவருக்குள் இருந்த நடுவர் ஏற்கவில்லை என்பதே இதன் பொருள்.

கண்ணாடியில் பனி படரும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பச்சிளங் குழந்தைகளைக் கைவிட்டுச் சாகவிடும் வழக்கம் பண்டைய கிரேக்கத்தில் இருந்தது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும்கூட அதைக் கண்டிக்கவில்லை. நெடுநாள் வழக்கம் என்ற ஒன்றே பேரறிஞர்களின் கண்ணையும் மறைத்துவிடுகிறது என்று அவர் வருந்தினார். புகையிலை வணிகத்தால் கொழித்த கிளாஸ்கோவில் இருந்துகொண்டே, அந்த வணிகத்தின் அடியில் கிடந்த ஆப்பிரிக்க அடிமைகளின் பெருமிதத்தை உயர்த்தியும், அவர்தம் எசமானர்களின் சிறுமையை இகழ்ந்தும் 1759-இலேயே எழுதியவர் அவர். அக்கம்பக்கத்தாரின் பார்வை பழுதாகலாம். தொலைவிலிருந்து பார்ப்பவரின் கண் அதைத் திருத்தலாம். நம் காலத்தில் அமர்த்திய சென் 2009-இல் வெளியிட்ட 'நீதி பற்றிய கருத்து' நூலில் இந்த நடுநிலைப் பார்வையாளரையே முதன்மையாக முன்னிறுத்தினார். நீதியை ஆராயும்போது, நம் எல்லைக்கு வெளியே இருப்போரின் கண்களையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஸ்மித்திடமிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

1790-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், முதல் நூலின் ஆறாம் பதிப்பை ஸ்மித் பெரிதும் விரித்து வெளியிட்டார். அதில் புதிதாகச் சேர்த்த ஓர் இயல், செல்வரையும் அதிகாரம் படைத்தோரையும் வியந்து போற்றி, ஏழையரை இகழும் மனப்போக்கே நம் அறவுணர்வுகள் கெடுவதற்குப் பெருங்காரணம் என்கிறது. அறுபத்தேழு வயதில், நோயுற்ற நிலையில், வணிகத்தின் பெருமையைப் பாடியவராக உலகம் கொண்டாடிய ஒருவர் உலகுக்குச் சேர்த்துவிட்டுச் சென்ற எச்சரிக்கை இது.

சட்டமும் ஆட்சியும் நீதியின் மீது எவ்வாறு எழுகின்றன என்பதைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதுவதாக 1759-இலேயே அவர் வாக்களித்திருந்தார். அது வரவேயில்லை. சாவதற்குச் சில நாள்களுக்கு முன், முற்றுப்பெறாத தம் கையெழுத்துப் படிகளை நண்பர்களைக் கொண்டு எரித்துவிட்டார். நீதி பற்றி வகுப்பில் அவர் சொன்னவை, மாணவர்கள் எடுத்த குறிப்புகள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்தன. 1790 ஜூலை 17 அன்று அவர் மறைந்தார். நல்ல வருவாய் இருந்தும் அவர் விட்டுச்சென்ற சொத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பெரும்பகுதியை ஓசையின்றி அறச்செயல்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறார் என்பது பின்னரே நெருங்கியோருக்குத் தெரிந்தது. பார்வையாளர் எவரும் இல்லாத இடத்தில் செய்த கொடை அது.

நீதியுணர்வு பிறப்பிலேயே முழுமையாக வருவதில்லை. வெளியிலிருந்து ஊட்டப்படுவதும் இல்லை. அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கும் ஆற்றல் நம்மோடு பிறக்கிறது. அதை யாரிடம் செலுத்துகிறோம், யாரிடமிருந்து திருப்பிக்கொள்கிறோம் என்பதில் அது வளர்கிறது அல்லது தேய்கிறது. செல்வரின் துயரம் நமக்கு உடனே புரிவதும், நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரின் துயரம் கண்ணிலேயே படாமல் போவதும் ஸ்மித் அஞ்சிய அதே நோய்தான்.

பொருளியல் பயிலும் நம் மாணவர்கள், விலையும் கூலியும் எவ்வாறு தீர்மானமாகின்றன என்பதைக் கற்று வெளியேறுகின்றனர். அந்தக் கூலி நியாயமானதா என்று கேட்பதற்கு அவர்களுக்கு நாம் பயிற்சி அளிப்பதில்லை. ஸ்மித் ஒரே வகுப்பறையில் இரண்டையும் கற்பித்தார். நம் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் 'நாடுகளின் செல்வம்' பற்றிய பாடத்தோடு 'அறவுணர்வுகளின் கோட்பாடு' நூலிலிருந்து சில பக்கங்களையும் சேர்த்தால், அதற்குப் புதிய துறையோ கூடுதல் நிதியோ தேவைப்படாது. நாளைய வங்கி அதிகாரியும் தொழில்முனைவோரும் ஆட்சியரும் அந்தப் பக்கங்களை ஒருமுறையேனும் படித்திருப்பது நாட்டுக்கு நல்லது.